முட்டுக்கட்டை போடுவது எப்படி?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை. பேச்சு நடை கூடியவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



உங்களுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் நிற்பது என் பேச்சு ஒன்றுதான். அது எனக்கு நன்றாகத் தெரியும். சாம்பார் வாசனை மேடை வரைக்கும் வருகிறது. ஆகவே சுருக்கமாக முடித்துக்கொள்ள முயற்சி செய்கிறேன். முயற்சி என்றுதான் சொன்னேன், உறுதிமொழி கொடுக்கவில்லை.

செயலாளர் அவர்கள் போனில் கூப்பிட்டு, "தம்பி, மெஷின் டிசைன் சம்பந்தமா ஏதாவது பேசுங்க. ஆனா பசங்க தூங்கக் கூடாது" என்றார். இரண்டும் ஒரே பேச்சில் நடக்குமா என்று யோசித்தேன். கடைசியில், எனக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்த விஷயத்தையே பேசிவிடலாம் என்று முடிவு செய்தேன். ஒரு வழி கிளட்ச். ஆங்கிலப் புத்தகத்தில் ஓவர்ரன்னிங் கிளட்ச் என்று படித்திருப்பீர்கள். ஒரு பக்கம் சுற்றினால் பிடிக்கும், மறு பக்கம் சுற்றினால் விட்டுவிடும். அவ்வளவுதான் அதன் குணம்.

இதைப் பார்க்காதவர்கள் இந்த அவையில் யாருமே கிடையாது. சைக்கிள் மிதிக்கிறோம், சக்கரம் ஓடுகிறது. மிதிப்பதை நிறுத்துகிறோம், கால் நிற்கிறது, சக்கரம் மட்டும் 'டிக் டிக் டிக்' என்று ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சத்தம்தான் ஃப்ரீவீல். 19ஆம் நூற்றாண்டின் முடிவில்தான் இது சைக்கிளில் பரவலாக வந்தது. அதற்கு முன்னால் சக்கரம் ஓடும்வரை பெடலும் ஓடும், இறக்கத்தில் காலைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டியதுதான். 1949இல் தொடங்கிய நம் அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள் கம்பெனியின் வண்டியில் ஏறி எத்தனை தலைமுறை பள்ளிக்கூடம் போயிருக்கிறது! அத்தனை பேரும் ஒரு வழி கிளட்சின் வாடிக்கையாளர்கள்தான்.

இன்னும் பழைய உதாரணம் ஒன்று உண்டு. வைகாசி மாதம் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் தேர் பார்த்திருப்பீர்கள். ஆயிரம் பேர் வடம் பிடிக்கிறார்கள், கூட்டம் மொத்தமும் மேலே சாமியைப் பார்க்கிறது. நீங்கள் அடுத்த முறை கீழே சக்கரத்தைப் பாருங்கள். கையில் மரக்கட்டையோடு சிலர் சக்கரத்தை ஒட்டியே நடப்பார்கள். தேரை நிறுத்துவதும், திருப்புவதும் அவர்கள் போடும் முட்டுக்கட்டைதான். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் பொருத்திக் கொடுத்த பிறகும் முட்டுக்கட்டை போடுகிறவர்களுக்கு வேலை போகவில்லை.

மலைப்பாதையில் லோடு லாரி நின்றால் கிளீனர் பையன் குதித்து ஓடிப்போய் பின் சக்கரத்துக்குக் கீழே கட்டை வைக்கிறானே, அதே வேலை. ஆங்கிலத்தில் அந்தக் கட்டைக்குப் பழைய பெயர் ஸ்ப்ராக். அதே பெயரைத்தான் இன்று கிளட்சுக்குள் இருக்கும் சின்ன இரும்புத் துண்டுக்கும் வைத்திருக்கிறார்கள். 'என் முன்னேற்றத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறான்' என்று நாம் திட்டுவதற்குப் பயன்படுத்தும் சொல், இயந்திரத்தில் உயிரைக் காப்பாற்றும் சொல்.

இது எங்கெல்லாம் வருகிறது?

இதற்கு மூன்று வேலைகள். மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் தேர்வில் பாதி முடிந்தது.

முதல் வேலை, முந்திப் போக விடுவது. நம் கல்லூரி வாசலில் பெங்களூர் நெடுஞ்சாலையில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். இருங்காட்டுக்கோட்டையிலிருந்தும் ஒரகடத்திலிருந்தும் புதுக் கார்களை ஏற்றிக்கொண்டு டிரெய்லர்கள் போகும். அதில் இருக்கும் பெட்ரோல், டீசல் கார்களின் ஸ்டார்ட்டர் மோட்டாரில் ஒரு ரோலர் கிளட்ச் இருக்கிறது. மோட்டார் இன்ஜினைச் சுற்றும். இன்ஜின் உயிர் பெற்று வேகமெடுத்ததும் மோட்டாரை இழுத்துக்கொண்டு போகாமல் விட்டுவிடும். விடாவிட்டால் அந்தச் சின்ன மோட்டார் அதன் வேகத்தைப்போலப் பல மடங்கு வேகத்தில் சுற்றிச் சிதறிவிடும். ஆலைகளில் ஒரே பம்ப்பை மின் மோட்டாரும் டீசல் இன்ஜினும் மாற்றி மாற்றி ஓட்டும் இடத்திலும் இதே கதை. ஹெலிகாப்டரில் இன்ஜின் நின்றாலும் மேலே விசிறி சுற்றிக்கொண்டே இருந்து விமானியைப் பத்திரமாக இறக்குவதும் இந்த ஃப்ரீவீலின் புண்ணியம்தான்.

இரண்டாம் வேலை, பின்னால் திரும்ப விடாமல் பிடிப்பது. இதற்குப் பேக்ஸ்டாப் அல்லது ஹோல்ட்பேக் என்று பெயர். சாய்வான கன்வேயர், பக்கெட் எலிவேட்டர், நின்ற பிறகு தண்ணீர் திரும்பி வந்து எதிர்ப்பக்கம் சுற்றும் பம்ப், காற்றில் தானாகப் பின்னோக்கிச் சுற்றும் கூலிங் டவர் விசிறி, எல்லாம் இந்த வகை. நெய்வேலியில் சுரங்கத்திலிருந்து மேலே ஏறும் பெல்ட்டுகளைப் பார்த்தவர்களுக்குப் புரியும், பாரத்தோடு அவை பின்னால் ஓடினால் என்ன ஆகும் என்று.

மூன்றாம் வேலை, அடியடியாக நகர்த்துவது. இன்டெக்சிங் என்பார்கள். பிரஸ் ஷாப்பில் தகட்டுச் சுருளை ஒவ்வோர் அடிக்கும் இத்தனை மில்லிமீட்டர் என்று உள்ளே தள்ளும் ரோல் ஃபீடரில் இது இருக்கும். இப்போது புது லைன்களில் சர்வோ மோட்டார் வந்துவிட்டது. ஆனால் நம் பகுதியில் சின்னச் சின்ன பிரஸ் ஷாப்புகளில் பழைய மெக்கானிக்கல் ஃபீடர்கள் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. சர்வீஸுக்கு வருவதும் அவைதான்.

இதில் தம்பிகள் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 120 அடி அடிக்கிற பிரஸ். எட்டு மணி நேர ஷிஃப்டில் 57,600 முறை அந்தக் கிளட்ச் பிடித்து விடுகிறது. ஒரே ஒரு ஷிஃப்ட் ஓட்டினாலே 35 நாளில் 20 லட்சத்தைத் தாண்டிவிடும். கன்வேயர் பேக்ஸ்டாப்போ ஒரு நாளைக்கு நாலு முறை பிடித்தால் அதிகம். இரண்டுக்கும் கேட்லாக்கில் ஒரே டார்க் எண் போட்டிருக்கலாம். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை மாட்டினால் வருவது சோர்வு முறிவு. ஃபட்டீக் பாடத்தில் நான் 38 மார்க் வாங்கியவன், இருந்தாலும் இதைத் தைரியமாகச் சொல்கிறேன்.

உள்ளே என்ன இருக்கிறது?

வகை என்று பார்த்தால் முக்கியமாக மூன்று. ராட்செட்டும் நாக்கும் வைத்தது ஒன்று. சைக்கிளில் 'டிக் டிக்' சொல்வது இது. எளிமையானது, அழுக்கைத் தாங்கும். ஆனால் ஒரு பல் தள்ளித்தான் பிடிக்கும். அதற்குள் பாரம் கொஞ்சம் பின்னால் வந்து வேகம் பிடித்து 'டங்' என்று மோதும்.

இரண்டாவது, ரோலர் வகை. சரிவான பள்ளத்துக்குள் உருளைகள், ஒவ்வொன்றின் பின்னாலும் சின்ன ஸ்பிரிங். ஒரு பக்கம் சுற்றினால் உருளை குறுகலான பக்கம் போய் ஆப்பு மாதிரி இறுகும். மறு பக்கம் சுற்றினால் தளரும். மூன்றாவது, நான் சொன்ன ஸ்ப்ராக். இரண்டு வளையங்களுக்கு நடுவில், ஏறத்தாழ எட்டு எண் வடிவத்தில் துண்டுகள் நெருக்கமாக நிற்கும். சாய்ந்தால் விடும், நிமிர்ந்தால் பிடிக்கும். அதே இடத்துக்குள் அதிக எண்ணிக்கையில் அடக்கலாம், ஆகவே அதிகப் பாரம் தாங்கும்.

ரோலரும் ஸ்ப்ராக்கும் பல்லால் பிடிப்பதில்லை, உராய்வால் பிடிக்கின்றன. பிடிக்கும் கோணம் ஏறக்குறைய மூன்று டிகிரி. மூன்று டிகிரியின் டேன்ஜென்ட் 0.052. எண்ணெய் பூசிய எஃகுக்கும் எஃகுக்கும் இடையில் உராய்வுக் கெழு இதைவிட அதிகமாக இருக்கும்வரை பிடி நிற்கும். வழுவழுப்பைக் கூட்டும் சரக்கை உள்ளே விட்டு அதைக் குறைத்துவிட்டோம் என்றால் வழுக்கும். இந்த மூன்று டிகிரியை மனதில் வையுங்கள், கிரீஸ் பற்றிப் பேசும்போது மறுபடியும் வருகிறேன்.

என் கணக்கு

இப்போது என் கதை. ஆண்டு 2013. படிப்பு முடித்து மூன்று வருடம் ஆகியிருந்தது. கன்வேயர் செய்து கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் டிசைன் பிரிவில் இருந்தேன். பெயர் வேண்டாம். நம் பகுதியில் ஆலைகள் எழுந்துகொண்டிருந்த நேரம், ஜல்லிக்கு ஏக கிராக்கி. ஒரு கல் அரைவை ஆலைக்குச் சாய்வு கன்வேயர் ஆர்டர் வந்தது. மணிக்கு 200 டன் ஜல்லி, 18 மீட்டர் உயரம் ஏற்ற வேண்டும். பெல்ட் வேகம் வினாடிக்கு ஒன்றரை மீட்டர், நீளம் 60 மீட்டர், மேல் புல்லி அரை மீட்டர் விட்டம், மோட்டார் 18.5 கிலோவாட்.

பேக்ஸ்டாப் தேர்வு என் பொறுப்பு. பாரத்தைத் தூக்க மட்டும் என்ன சக்தி வேண்டும்? டன்னை உயரத்தால் பெருக்கி 367ஆல் வகுத்தால் கிலோவாட். 200 பெருக்கல் 18, வகுத்தல் 367, வருவது 9.8 கிலோவாட். மேல் புல்லி நிமிடத்துக்கு 57 சுற்று. டார்க் சுமார் 1,635 நியூட்டன் மீட்டர். ஒன்றரை மடங்கு பாதுகாப்பு வைத்தேன், 2,450 வந்தது. கேட்லாக்கில் 2,500 தாங்கும் மாடல் இருந்தது. போட்டேன், கையெழுத்தும் போட்டேன். சரியாகப் பொருந்தியதில் எனக்கு ஒரே சந்தோஷம். விலையும் குறைவு, பர்ச்சேஸ்காரர் தோளில் தட்டிக் கொடுத்தார்.

தம்பிகளே, இதில் என்ன தப்பு? எண்கள் எல்லாம் சரி. பரீட்சையில் எழுதினால் முழு மார்க். கன்வேயரும் எட்டு மாதம் ஒரு பிரச்சினையும் இல்லாமல் ஓடியது. மின்சாரம் போகும், பெல்ட் நிற்கும், பேக்ஸ்டாப் பிடிக்கும், எல்லாம் நல்லபடியாக இருந்தது.

ஒரு மழை நாள் சாயங்காலம், அடிப்பக்கத்தில் ஜல்லி விழும் இடத்தில் பெரிய கல் ஒன்று பெல்ட்டுக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. பெல்ட் நகரவில்லை. ஆனால் மோட்டார் விடுமா? முக்கி முக்கி இழுத்தது. இந்த மாதிரி மோட்டார் திணறும்போது சாதாரண டார்க்கைப்போல இரண்டு, இரண்டரை மடங்கு வரை தரக்கூடியது. 18.5 கிலோவாட் மோட்டார் மேல் புல்லியில் சாதாரணமாகத் தருவதே 3,080 நியூட்டன் மீட்டர். இரண்டரை மடங்கு என்றால் 7,700. பெல்ட் ரப்பர் கயிறு மாதிரி இழுபட்டு நிற்கிறது. அப்போது ஓவர்லோடு டிரிப் ஆகி மோட்டார் நின்றது. இழுபட்ட பெல்ட் சுருங்கப் பார்க்கும் இல்லையா? புல்லியில் பெல்ட் வழுக்காத வரையில், மோட்டார் எவ்வளவு இழுத்ததோ ஏறத்தாழ அவ்வளவும் திரும்ப பேக்ஸ்டாப் மேல்தான் வந்து விழும். நான் போட்டது 2,500. வந்து விழுந்தது அதைப்போலச் சுமார் மூன்று மடங்கு.

அது அப்போதே உடைந்திருந்தால்கூட நல்லது. உடையவில்லை. ஸ்ப்ராக்குகள் வளையத்தில் தடம் பதித்துக்கொண்டு, பாதி புரண்ட நிலையில் தொங்கிக்கொண்டிருந்தன. ஆட்கள் கல் கழன்றுவிட்டதா என்று பார்க்க இரண்டு முறை ஸ்விட்சைப் போட்டார்கள், இரண்டு முறையும் டிரிப் ஆனது. அதாவது மூன்று அடி. பிறகு மோட்டாரை நிறுத்திவிட்டு, அங்கே வேலை பார்த்த ஒரு அண்ணன் கடப்பாரையோடு அடிப்பக்கம் போய்க் கல்லை நெம்பினார். பெல்ட் மேல் அப்போது இரண்டே கால் டன் ஜல்லி. அதைப் பாதி பிடித்துக்கொண்டிருந்ததே அந்தக் கல்தான் என்று யாருக்குத் தெரியும்? கல் நகர்ந்தது, பாரம் முழுவதும் பேக்ஸ்டாப்புக்குப் போனது, பேக்ஸ்டாப் கைவிட்டது. பெல்ட் பின்னால் பாய்ந்து கடப்பாரையை உள்ளே இழுத்தது. அவருடைய வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார். "படுங்கண்ணே" என்றேன். அவர் சொன்ன முதல் வார்த்தை, "சார், மோட்டார நிறுத்திட்டுதான் சார் கை வச்சேன்." தன்மேல் தப்பில்லை என்று என்னிடம் சாட்சி சொல்கிறார். யாரிடம்? கணக்குப் போட்டவனிடம்!

அங்கே விசாரணைக் குறிப்பில், 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதினார்கள். இ.எஸ்.ஐ. பணம் வருவதற்கு அது தடையில்லை. ஆனால் அந்தப் பெயரோடு அந்த ஒப்பந்தக்காரர் அவருக்கு மறுபடி வேலை கொடுக்க மாட்டார். கிளட்சைக் கழற்றிக் கொண்டுவந்து என் மேஜை மேல் வைத்தார்கள். வளையத்தில் பல்லால் கடித்த மாதிரி வரிசையாகத் தடம். பார்த்தவுடனே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் மூன்று நாள் நான் வாயைத் திறக்கவில்லை. இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களில் சிலருக்கும் இந்த மூன்று நாள் என்றைக்காவது வரும். 'கிளட்ச் தயாரித்தவன் சரக்கு சரியில்லை' என்று எழுதிவிடலாம் என்றுகூட ஒரு யோசனை வந்தது.

நாலாவது நாள் என் மேலாளரிடம் கணக்குத் தாளைக் கொண்டுபோய், "சார், நான் பாரத்தைப் பார்த்தேன், மோட்டாரைப் பார்க்கவில்லை" என்றேன். நன்றாகத் திட்டு வாங்கினேன். ஆனால் அவர் நல்ல மனிதர். எழுதிக் கொடுக்கச் சொன்னார், எழுதிக் கொடுத்தேன். குறிப்பு திருத்தப்பட்டது. அந்த அண்ணனுக்கு அதே ஆலையில் கேட் வேலை கிடைத்தது. எனக்கு அந்த வருட இன்கிரிமென்ட் கிடைக்கவில்லை. அவருக்கு விரல்கள் கிடைக்கவில்லை. இரண்டையும் ஒப்பிட நான் தயாரில்லை.

இதோ, இந்தச் சின்ன டப்பாவில் அந்த ஸ்ப்ராக்குகளில் ஒன்று இருக்கிறது. பின்வரிசை வரைக்கும் போகட்டும். விரல் நுனி அளவு கூட இல்லை, பாருங்கள். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், எனக்கு அது ஒன்றுதான் இருக்கிறது.

தேர்வு செய்யும்போது கேட்க வேண்டியவை

அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் நான் எழுதி வைத்துக் கேட்டுக்கொள்ளும் கேள்விகளைச் சொல்கிறேன். நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று, என்ன வேலை? முந்த விடுவதா, பின்னால் பிடிப்பதா, அடியடியாக நகர்த்துவதா? இதைத் தெரிந்துகொள்ளாமல் கேட்லாக்கைத் திறக்கவே திறக்காதீர்கள்.

இரண்டு, அதிகபட்ச டார்க் என்ன? சராசரி அல்ல, பாரத்தின் டார்க் மட்டும் அல்ல. மோட்டார் சிக்கி நின்றால் என்ன தரும், இயங்க ஆரம்பிக்கும்போது என்ன அதிர்ச்சி வரும் என்று பாருங்கள். கன்வேயர் வடிவமைப்புக்கு ஐ.எஸ். 11592 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது, அதைப் படியுங்கள். தயாரிப்பாளர் சொல்லும் சர்வீஸ் ஃபேக்டர் எதன் மேல் பெருக்க வேண்டியது என்பதையும் அடிக்குறிப்பு வரை படியுங்கள். நான் அடிக்குறிப்பைப் படிக்காதவன்.

மூன்று, விட்டு ஓடும்போது என்ன வேகம், உள் வளையம் சுற்றுகிறதா, வெளி வளையமா? பேக்ஸ்டாப்பின் ஆயுளில் பெரும்பகுதி விட்டு ஓடுவதுதான். அப்போது ஸ்ப்ராக் உரசிக்கொண்டே இருந்தால் தேயும். அதற்காகவே, குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் மையவிலக்கு விசையால் தானாக விலகி நிற்கும் ஸ்ப்ராக் வகை இருக்கிறது. வேகமான ஷாஃப்டுக்கு அதுதான் பொருத்தம். ஆனால் அந்த விலகும் வேகத்துக்குக் கீழேயே எப்போதும் ஓடினால் அதனால் பயனில்லை.

நான்கு, எந்த ஷாஃப்டில் மாட்டுவது? என் கன்வேயரில் மோட்டார் 1,440 சுற்று, புல்லி 57 சுற்று, கியர் விகிதம் 25. மோட்டார் பக்கம் மாட்டினால் 7,700 என்பது 308 ஆகிவிடும். சின்ன கிளட்ச், குறைந்த விலை. ஆனால் நடுவில் கப்ளிங் உடைந்தால், கியர் பல் போனால், பாரத்துக்கும் கிளட்சுக்கும் தொடர்பே இருக்காது. ஆள் நடமாடும் இடத்தில் மேல் புல்லி ஷாஃப்டிலேயே மாட்டுங்கள். விலை அதிகம்தான், வாதாடி வாங்குங்கள்.

ஐந்து, எப்படித் தாங்குகிறது? பேரிங் இல்லாத வெறும் ஸ்ப்ராக் கூடு வாங்கினால் இரண்டு வளையமும் மையம் விலகாமல் இருக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. ஷாஃப்டையே உள் வளையமாகப் பயன்படுத்தினால் மேற்பரப்புக் கடினம் ராக்வெல் சி அளவில் 58 முதல் 62 வரை வேண்டும். சாதாரண ஷாஃப்டில் போட்டால் ஸ்ப்ராக் பள்ளம் தோண்டிவிடும். பேக்ஸ்டாப்பின் டார்க் ஆர்மை, அதாவது அது திரும்பாமல் தாங்கும் கையை, வெல்டு வைத்து இறுக்காதீர்கள். கொஞ்சம் அசைய இடம் விட வேண்டும். இல்லாவிட்டால் ஷாஃப்ட் ஆடும் ஒவ்வோர் ஆட்டமும் பேரிங் தலையில் விடியும்.

ஆறு, என்ன எண்ணெய்? இங்கேதான் அந்த மூன்று டிகிரி. கிராஃபைட், மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த கருப்பு கிரீஸ் நல்ல சரக்குதான், ஆனால் இதற்குள் போடக் கூடாது. கியர் எண்ணெயில் சேர்க்கும் ஈ.பி. கலவைகளும் தயாரிப்பாளர் அனுமதித்தால் ஒழிய வேண்டாம். நல்ல எண்ணத்தோடு ஒரு கரண்டி கருப்பு கிரீஸ் அடித்த மெயின்டெனன்ஸ் ஆளால் கிளட்ச் வழுக்கியதை நானே பார்த்திருக்கிறேன். அவரைக் குற்றம் சொல்வதில் பயனில்லை. கிளட்ச் மேல் என்ன எண்ணெய் என்று தமிழிலும் இந்தியிலும் எழுதி ஒட்டாதது நம் தவறு.

ஏழு, அம்புக்குறி எந்தப் பக்கம்? சிரிக்காதீர்கள். மூன்று ஃபேஸில் இரண்டு ஒயர் மாறினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். பேக்ஸ்டாப் மாட்டிய பிறகு அப்படிச் சுற்றினால் புதுக் கிளட்ச் முதல் நாளே நொறுங்கும். ஆகவே கப்ளிங்கைக் கழற்றிவிட்டு மோட்டாரைத் தனியாக ஓட்டிப் பார்த்து, திசை சரி என்று உறுதி செய்த பிறகே இணைக்க வேண்டும். மோட்டாருக்கு ரீவைண்டிங் செய்து திரும்பி வரும்போதும் இதே பரீட்சைதான்.

எட்டு, அங்கே யார் நிற்பார்கள்? கேட்லாக்கில் இந்தக் கேள்வி கிடையாது. டிசைன் முடிப்பதற்கு முன்னால் அந்த இடத்துக்குப் போய், வேலை செய்கிறவரிடம், "கல் சிக்கினால் என்னண்ணே பண்ணுவீங்க?" என்று கேளுங்கள். அவர் சொல்வதிலிருந்துதான் உங்கள் கணக்கு தொடங்க வேண்டும். கல் சிக்கும், இரண்டு முறை ஸ்விட்ச் போடுவார்கள், கடப்பாரை எடுப்பார்கள் என்று எனக்குப் பத்து நிமிடத்தில் சொல்லியிருப்பார்கள். நான் கேட்கவில்லை.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. எவ்வளவு பெரிய பேக்ஸ்டாப் போட்டாலும் அதை நம்பி யாரும் பெல்ட்டில் கை வைக்கக் கூடாது. அது பிரேக் அல்ல, பூட்டும் அல்ல. மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போட்டு, பெல்ட்டைச் சங்கிலியாலோ கிளாம்ப்பாலோ கட்டி, இழுவிசையைத் தளர்த்திய பிறகுதான் கை வைக்கலாம். கன்வேயர் பாதுகாப்புக்கு ஐ.எஸ். 7155 என்று ஒரு தரநிலை உண்டு. மோட்டார் நின்றால் இயந்திரம் நின்றுவிட்டது என்று பொருள் அல்ல. உயரத்தில் இருக்கும் பாரமும் இழுபட்ட பெல்ட்டும் ஸ்விட்சுக்குக் கட்டுப்படாது. நம் நாட்டுத் தேர்க்காரர்களுக்கு இது தெரியும். தேர் நிலைக்கு வந்த பிறகும் கட்டையை எடுக்க மாட்டார்கள்.

நான் படித்து முடித்த காலத்தை ஒட்டி ஒரகடத்தில் பெரிய ஆலைகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தன. 2010இல் ரெனோ நிசான், 2012இல் டெய்ம்லர், 2013இல் ராயல் என்ஃபீல்டு. இன்று இந்தச் சாலையில் அடுத்த தலைமுறை இயந்திரங்கள் வந்துவிட்டன, கணக்கெல்லாம் கம்ப்யூட்டர் போட்டுத் தருகிறது. எண்ணைக் கொடுத்தால் மாடல் நம்பரே வந்துவிடும். ஆனால் எந்த எண்ணைக் கொடுப்பது என்று அது சொல்வதில்லை. நான் அன்றைக்கு 1,635 என்று கொடுத்திருந்தால் எந்தச் சாஃப்ட்வேரும் அதே 2,500 மாடலைத்தான் எடுத்துக் கொடுத்திருக்கும்.

முன்னாள் மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஆலைகளில் உடைந்து கழற்றிய கிளட்ச், பேரிங், கியர் எது இருந்தாலும் ஸ்கிராப்புக்குப் போடாமல் நம் மெக்கானிக்கல் லேப்புக்குக் கொடுங்கள். எதனால் உடைந்தது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். கம்பெனி பெயர் வேண்டாம், காரணம் போதும். புதுப் பொருளைப் பார்த்து நம் பிள்ளைகள் பெயரைக் கற்றுக்கொள்கிறார்கள். உடைந்த பொருளைப் பார்த்தால் தொழிலைக் கற்றுக்கொள்வார்கள். இந்த வருடமே ஒரு அலமாரி வைக்கலாம் என்று முதல்வர் அவர்கள் காலையில் சொன்னார்கள். முதல் பொருளாக அந்த டப்பாவையே கொடுத்துவிடுகிறேன். எனக்கு அது ஒன்றுதான் இருக்கிறது என்று கொஞ்ச நேரம் முன்னால் சொன்னேன். பரவாயில்லை, இங்கேயே இருக்கட்டும். பின்வரிசைத் தம்பி, அதை இனிமேல் என்னிடம் திருப்ப வேண்டாம், உங்கள் லேப் சாரிடம் கொடுத்துவிடுங்கள்.